பாவித்த வான், கார் வாங்கியவர்களுக்கு: எயார்பேக் மீள அழைப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஊர் திரும்பிய குடும்பங்கள் முதலில் கூரையைத் திருத்துகின்றன, கிணற்றை இறைக்கின்றன. கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒரு வாகனத்தைப் பற்றி யோசிக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசு, அடகு வைத்த நகை, மிச்சத்துக்கு லீசிங் என்று சேர்த்து ஹயருக்கு ஓட ஒரு வான் அல்லது ஒரு சின்னக் கார் வாங்கப்படுகிறது. படுவான்கரையில் அது ஒரு குடும்பத்தின் வாகனமாக மட்டும் இருப்பதில்லை. பிள்ளைத்தாச்சியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும், டியூசன் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு அரை ஊரைக் கொண்டுபோவதும் அதே வாகனந்தான். அதனால்தான் அதன் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகக் குப்பியைப் பற்றி இந்தப் பாடம் பேசுகிறது.

முதலில் உங்கள் வாகனத்தில் எயார்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கின் நடுவிலும், இடப்பக்க முன் ஆசனத்துக்கு எதிரே உள்ள டாஷ்போர்டிலும் ‘எஸ்.ஆர்.எஸ். எயார்பேக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பழைய டொல்பின் வான்களில் பெரும்பாலும் இது இல்லை. முச்சக்கர வண்டியில் இல்லவே இல்லை. அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்கல்ல. ஆனால் நீங்கள் ஏறிப் போகும் வாகனத்தின் சாரதிக்கு இதை வாசித்துக் காட்டலாம்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

வாகனம் வலுவாக மோதும்போது ஒரு உணரி மின்சமிக்ஞை அனுப்பும். குப்பிக்குள் இருக்கும் எரிபொருள் வில்லைகள் பற்றிக்கொள்ளும். அதில் பிறக்கும் வாயு, மடித்து வைத்த நைலோன் பையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஊதிவிடும். உங்கள் முகமும் நெஞ்சும் ஸ்டியரிங்கில் அடிபடாமல் பையில் போய் விழும். மெக்கானிக்மார் இந்தக் குப்பியை இன்ஃபிளேட்டர் என்பார்கள். சரியாக வேலை செய்தால் இது உயிர் காக்கும் பொருள். உலகெங்கும் எத்தனையோ பேர் இதனால் தப்பியிருக்கிறார்கள். அதை மறந்துவிட்டு எயார்பேக் என்றாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிக்கல் ஒரு குறிப்பிட்ட கம்பனியின் குப்பியில் வந்தது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த குப்பிகள் ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிசி, சுபாரு உட்படப் பல கம்பனிகளின் வாகனங்களில் பொருத்தப்பட்டன. அந்த வில்லைகளில் இருந்தது அமோனியம் நைத்திரேற்று. விவசாயக் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. உலகின் பல நாடுகளில் இது பசளையாகப் பயன்படுகிறது. யுத்த காலத்தில் பசளை மூட்டைகள் சோதனைச்சாவடிகளில் ஏன் மறிக்கப்பட்டன என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அமோனியம் நைத்திரேற்று ஈரத்தை இழுக்கும். வாய் கட்டாத பசளை மூட்டை மாரி காலத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு மிச்சத்தை விளங்கிக்கொள்வது கடினமல்ல.

காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குப்பிக்குள் போகிறது. பகலில் வெயிலில் நிற்கும் வாகனம் கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. வில்லை விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விட்டு உதிரத் தொடங்குகிறது. ஒரு விறகுக் கட்டை எரியும் வேகமும், அதே கட்டையைச் சீவிப் போட்ட சிராய் எரியும் வேகமும் ஒன்றா? உதிர்ந்த வில்லையும் அப்படித்தான், வேண்டிய வேகத்தை விடப் பன்மடங்கு வேகமாக எரிகிறது. வாயுவின் அழுத்தத்தைக் குப்பி தாங்காமல் வெடிக்கிறது. உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகம், கழுத்து, நெஞ்சை நோக்கி வருகின்றன. உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்கிற ஆட்கள் எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். ஆகவே இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் இதனால் 25 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் 400 பேர் காயப்பட்டார்கள். ஹொண்டாவின் முதலாவது மீள அழைப்பு 2008ஆம் ஆண்டில் ஒரு சில ஆயிரம் வாகனங்களோடு தொடங்கியது. பின்னர் அது உலகம் முழுவதும் சுமார் 10 கோடி குப்பிகளைத் தொட்டு, வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய மீள அழைப்பாகியது. தகாட்டா கம்பனி 2017 ஜூனில் வங்குரோத்தாகியது.

எங்கள் காற்றும் எங்கள் வெயிலும்

‘அது அமெரிக்காவில் நடந்தது, எங்களுக்கென்ன?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அது எங்கே முதலில் கவனிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். புளோரிடா, அதையொட்டிய கரையோர மாநிலங்கள், புவேர்ட்டோ ரிக்கோ தீவு: அதாவது வெக்கையும் ஈரமும் கூடிய இடங்கள். குளிர் நாட்டில் அதே குப்பி மெதுவாகக் கெடுகிறது. ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே இதனால் பதிவான முதல் மரணம் 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் நடந்தது. ஹொண்டா சிட்டி கார் ஓட்டிய ஒரு கர்ப்பிணிப் பெண், குப்பியிலிருந்து பறந்த உலோகத் துண்டால் இறந்தார். 2016இலும் மலேசியாவில் மரணங்கள் நடந்தன. மலேசியாவின் காலநிலை எங்களுடையதைப் போன்றது.

மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் இரு கரையிலும் வருடம் முழுவதும் காற்றில் ஈரம் இருக்கிறது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. உப்புக் காற்றில் கதவும் பொடியும் துருப்பிடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், ‘என்னுடைய கார் துருவில்லாமல் பளபளவென்று இருக்கிறது, ஆகவே பயமில்லை’ என்று நினைப்பார்கள். குப்பியின் பழுதுக்கும் துருவுக்கும் சம்பந்தமில்லை. பெயின்ற் அடித்துப் புதுப்பித்த காருக்குள்ளும் பழைய குப்பி பழைய குப்பிதான். நிழலில் நிறுத்துவது நல்லது, ஆனால் கெட்டுப்போனதை அது திருப்பித் தராது.

டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதும் நிம்மதிக்குக் காரணமல்ல. திறப்பைத் திருகும்போது எயார்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் வயரிங்கில் அல்லது உணரியில் பழுது, மோதினால் பை விரியாமல் போகலாம். விளக்கு ஒருபோதும் எரியாவிட்டால் யாரோ அதைக் கழற்றியோ மறைத்தோ இருக்கலாம். பாவித்த வாகனம் பார்க்கப் போகும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் தகாட்டா வில்லை உதிர்வதை அந்த விளக்கால் அறிய முடியாது. குப்பிக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

கடிதம் எந்த விலாசத்துக்குப் போனது?

மீள அழைப்பு என்பது, ‘உங்கள் வாகனத்தில் எங்கள் தயாரிப்பில் ஒரு குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள், எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம்’ என்று கம்பனி சொல்வது. அவுஸ்திரேலியாவில் 2018 பெப்ரவரியில் அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியது. சுமார் 30 இலட்சம் வாகனங்கள் அதில் அடங்கின. மெல்பேர்னிலோ சிட்னியிலோ உங்கள் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் வந்திருக்கும். ஜப்பானிலும் 2018 மே முதல், ஆபத்து கூடிய தகாட்டா குப்பியை மாற்றாத வாகனங்கள் வாகனப் பரிசோதனையில் சித்தியடைய விடப்படவில்லை.

எங்களுக்கு அந்தக் கடிதம் வராது. இந்தப் பாடத்தின் முக்கியமான விசயம் இதுதான். இங்கு ஓடும் விட்ஸ், அக்சியோ, ஃபிட் போன்றவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானில் பாவித்து, பின் ரீகண்டிஷன் வாகனமாகக் கப்பலேறியவை. மீள அழைப்புத் தீவிரமான காலத்தில் அவை ஏற்கெனவே கொழும்பிலோ குருணாகலிலோ ஓடிக்கொண்டிருந்தன. கடிதம் போயிருந்தால் ஜப்பானில் முன்னர் வைத்திருந்தவரின் வீட்டுக்குப் போயிருக்கும். இங்கு வந்த பிறகும் அந்த வாகனம் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். அதிலும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கம் ஒன்று இருக்கிறது. விற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றமாட்டார், அடுத்தவருக்கு அப்படியே கைமாற்றுவார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் இருப்பவர் யாரோ, ஓட்டுபவர் யாரோ. இடம்பெயர்ந்து நாலு முகாம் மாறிய எங்களுக்கு, பழைய விலாசத்துக்குப் போன கடிதம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். எயார்பேக்கைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். ஆகவே பத்திரம் கிடைத்தது என்பதால் வாகனம் மீள அழைப்பிலிருந்து விடுபட்டது என்று ஆகாது.

இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருடத்தில் வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய வாகனங்கள் இங்கே பொன்னான விலைக்குக் கைமாறின. அவற்றின் குப்பிகளுக்கும் ஐந்து வயது கூடியது.

செசி இலக்கத்தை எடுங்கள்

வாகனத்தின் மாதிரியையும் வருடத்தையும் மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பெரும்பாலும் 2000க்கும் 2015க்கும் இடையில் செய்யப்பட்ட வாகனங்களே இதில் மாட்டியுள்ளன. டொயோட்டா விட்ஸ், கொரொல்லா, ஹொண்டா ஃபிட், சிட்டி, சிவிக், நிசான் டீடா, மிட்சுபிசி லான்சர் போன்ற பெயர்கள் பல நாடுகளின் பட்டியல்களில் அடிக்கடி வரும். ஆனால் ஒரே மாதிரியில் ஒன்று பட்டியலில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருடையது இருக்காது. உங்கள் வாகனம் இந்தப் பெயர்களில் ஒன்றல்ல என்று விட்டுவிடவும் வேண்டாம். செசி இலக்கம்தான் பதில் சொல்லும்.

அது வாகனப் பதிவுச் சான்றிதழில், அதாவது நாங்கள் ‘புத்தகம்’ என்று சொல்வதில் இருக்கிறது. லீசிங் கம்பனி புத்தகத்தை வைத்திருந்தால் உங்களிடம் பிரதி இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாகனத்திலும் அடித்திருக்கும்: பொனற்றைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னாலுள்ள தகட்டில், அல்லது கதவுச் சட்டத்தில், சில வாகனங்களில் முன் ஆசனத்துக்குக் கீழே. புத்தகத்தில் உள்ளதும் வாகனத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் எயார்பேக்கை விடப் பெரிய பிரச்சினை ஒன்று உங்களிடம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னர் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஜப்பானுக்குள் விற்கப்பட்ட வாகனத்தின் இலக்கம், முதலில் மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, பின் ஆறோ ஏழோ எண்கள் என்று இருக்கும். உதாரணமாக ‘கே.எஸ்.பி. 90’ என்று தொடங்குவது ஒரு வகை விட்ஸ். அமெரிக்கா போன்ற நாடுகளில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம். அதனால் அமெரிக்க அரசின் மீள அழைப்பு இணையத்தளத்தில் எங்கள் இலக்கத்தை அடித்துப் பார்த்தால் அது ஏற்றுக்கொள்ளாது. ‘ஒன்றுமில்லை என்று வந்தது’ என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அந்தத் தளத்துக்கு உங்கள் வாகனத்தையே தெரியாது. ஜப்பானியக் கம்பனிகளின் ஜப்பான் மொழித் தளங்களில் செசி இலக்கத்தை இட்டுத் தேடலாம். வீட்டில் ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் முயன்று பார்க்கலாம். அதைவிட நேரான வழி, இலங்கையிலுள்ள முகவர் நிறுவனத்தைக் கேட்பது. டொயோட்டாவுக்கு வத்தளையில் தலைமையகம் உள்ள டொயோட்டா லங்கா இருக்கிறது. மற்றக் கம்பனிகளுக்கும் அப்படி முகவர்கள் உண்டு.

தொலைபேசியில் எடுத்ததும், ‘என்னுடையது ரீகண்டிஷன் வாகனம், செசி இலக்கம் இது, இதற்கு மீள அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். சாரதி பக்கம், இடப்பக்கம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சில வாகனங்களில் ஒரு பக்கம் மாற்றப்பட்டு மறுபக்கம் அப்படியே கிடக்கிறது. முன்னர் மாற்றியிருக்கிறார்கள் என்று பதில் வந்தால், மாற்றியது இறுதியான குப்பியா என்றும் கேளுங்கள். ஆரம்ப வருடங்களில் பழைய தகாட்டாக் குப்பிக்குப் பதிலாகப் புதிய தகாட்டாக் குப்பியையே தற்காலிகமாகப் போட்ட வாகனங்கள் உண்டு. அவை இரண்டாம் முறையும் போக வேண்டும். மட்டக்களப்புக்கு மிக அருகில் எங்கே செய்யலாம், எவ்வளவு நேரம் எடுக்கும், எதிர்ப்பதம் கையிருப்பில் உள்ளதா என்பதையெல்லாம் போகுமுன் உறுதிசெய்யுங்கள். கொழும்புக்குப் போய்ச் சும்மா திரும்பினால் இரண்டு நாள் ஹயரும் டீசலும் நட்டம். பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ தரும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீள அழைப்பு வேலைக்கு வாகனச் சொந்தக்காரர் காசு கொடுப்பதில்லை, செலவு தயாரிப்பாளருடையது. ஊருக்குள் வந்து ‘மீள அழைப்பு எயார்பேக் குறைந்த விலைக்கு மாற்றித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

கராஜில் கழற்ற வேண்டாம்

கண்ணிவெடி ஆபத்து வகுப்பில் எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது: தொடாதே, நெருங்காதே, அறிவி. எயார்பேக் குப்பிக்கும் கிட்டத்தட்ட அதே விதிதான். அதற்குள் இருப்பது வெடிக்கும் பொருள். ஸ்டியரிங்கைக் கழற்றித் தட்டிப் பார்ப்பது, மீற்றர் வைத்து வயரைச் சோதிப்பது, அதற்கு அருகே வெல்டிங் அடிப்பது எல்லாம் பயிற்சி பெற்றவர்களுக்கு உரிய வேலை. எங்கள் கராஜ்களில் கைதேர்ந்த பாஸ்மார் இருக்கிறார்கள். என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். ஆனால் இது என்ஜின் அல்ல.

பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய எயார்பேக் வாங்கிப் பூட்டுவது இன்னும் மோசம். வெட்டிய வாகனத்திலிருந்து வந்த அந்தக் குப்பி எந்த வருடத்தது, எந்தக் கம்பனியினது என்று விற்பவருக்கே தெரியாது. இங்கே ஒரு நுணுக்கமும் இருக்கிறது: உங்கள் வாகனம் ஒருகாலத்தில் மோதி, யாரோ பழைய எயார்பேக் பூட்டியிருந்தால், செசி இலக்கத்தில் ‘பிரச்சினை இல்லை’ என்று வந்தாலும் உள்ளே இருப்பது வேறு வாகனத்தின் குப்பி. வாகனம் மோதியதன் அடையாளம் தெரிந்தால் முகவரிடம் அதையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனத்துக்கும் அப்படியே. 2011 ஜனவரி வெள்ளத்திலும் அதன் பிறகும் ஆசனம் வரை தண்ணீர் ஏறிய வாகனங்கள் கழுவிக் காயவைத்து விற்கப்பட்டன. எயார்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல வாகனங்களில் தரைமட்டத்தில், கியருக்கு அருகே இருக்கிறது.

மாற்றும் வரை

உங்கள் வாகனத்தை ஓட்டவே வேண்டாம் என்று கம்பனி சொன்னால் ஓட்ட வேண்டாம். வருமானம் போகிறது என்பது உண்மை, ஆனாலும் வேண்டாம். அப்படிச் சொல்லாமல், முறை வரும் வரை காத்திருங்கள் என்றால் ஆசனப்பட்டியைப் போட்டு, நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்கும்படி ஆசனத்தைப் பின்னே தள்ளி ஓட்டுங்கள். இடப்பக்கக் குப்பி பட்டியலில் இருந்தால் அந்த ஆசனத்தில் ஆளை ஏற்றாமல் விடலாம். பிள்ளைகள் எப்போதும் பின்னால்தான். மடியில் குழந்தையை வைத்து ஸ்டியரிங் பிடிக்கும் பழக்கம், குப்பி நல்லதோ கெட்டதோ, கூடவே கூடாது.

டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரையும் மாதாவையும் பற்றி ஒரு வார்த்தை. எழுதப்பட்ட மார்க்க வாசகப் பலகையும் இதில் அடங்கும். எயார்பேக் மூடியின் மேல் ஒட்டினால், பை விரியும்போது அது எறியப்படும். எடுத்துவிடச் சொல்லவில்லை, மூடியிலிருந்து தள்ளி, சாரதிக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே வையுங்கள். ஸ்டியரிங்குக்குத் தடித்த உறை போட்டு நடுவில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் திகதியும் செசி இலக்கமும் எழுதிய தாளை வாங்கி வாகனப் புத்தகத்தோடு வைத்திருங்கள். நாளைக்கு வாகனத்தை விற்கும்போது அது வாங்குபவருக்குப் போக வேண்டும். புத்தகம் இன்னும் பழைய ஆளின் பெயரில் இருந்தால், இந்தச் சாக்கில் அதையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.